இடுப்பில் கைத்துப்பாக்கி: சட்டம் பேசாத ஒற்றைத் தோட்டா

- நமது சிறப்பு நிருபர் -

புது தில்லி: மாநிலங்களவையில் பஞ்சாப் மாநிலத்துக்குரிய இடம் ஒன்று 2025-ஆம் ஆண்டின் நடுவில் காலியானது. கட்சித் தாவலோ பதவிக்கால முடிவோ அதற்குக் காரணம் அல்ல. அதன் தொடக்கம் ஒரு கைத்துப்பாக்கி.

அந்த ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி இரவு, லூதியாணா மேற்குத் தொகுதியின் ஆம் ஆத்மி கட்சி சட்டப்பேரவை உறுப்பினர் குர்பிரீத் பஸ்ஸி கோகி தமது வீட்டில் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். அவரது உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியே தவறுதலாக வெடித்துவிட்டதாகக் குடும்பத்தினர் கூறியதாகக் காவல்துறை தெரிவித்தது. ஜூன் மாதம் நடைபெற்ற இடைத்தேர்தலில், அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த சஞ்சீவ் அரோரா அத்தொகுதியில் நின்று வென்றார். மாநிலங்களவைப் பதவியைத் துறந்தார். இறந்தவர் வீட்டுத் துயரத்துக்கு முன்னால் இந்தக் கணக்குகள் அற்பமானவைதான். ஆனாலும், பாதுகாப்புக்கென்று வாங்கி வைத்த ஓர் ஆயுதம் எதிரி எவரும் இல்லாத அறையில் என்ன செய்துவிடுகிறது என்பதற்கு இதைவிட அருகாமையான சான்றை நாடாளுமன்ற வட்டாரத்தில் காண முடியாது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2024 அக்டோபர் 1-ஆம் தேதி விடியற்காலையில், ஹிந்தி நடிகரும் 2004 முதல் 2009 வரை வடக்கு மும்பை மக்களவைத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவருமான கோவிந்தா, கொல்கத்தா புறப்படுவதற்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற ரிவால்வரை அதன் பெட்டியில் எடுத்து வைக்கும்போது அது கைதவறிக் கீழே விழுந்து வெடித்ததாகச் சொல்லப்பட்டது. இடது காலில், முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. அறுவைச் சிகிச்சையில் குண்டு அகற்றப்பட்டு அவர் நலமடைந்தார்.

இரு நிகழ்வுகளிலும் உரிமம் இருந்தது. ஆயுதம் சட்டப்படி வாங்கப்பட்டது. உரிமையாளர் பொறுப்பான பொதுவாழ்வில் இருந்தவர். சட்டம் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் விடை சரியாகவே இருந்தது. கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு: அந்த நேரத்தில் துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தோட்டா ஏன் இருந்தது?

எண்ணிக்கை பற்றிய விவாதம்

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா இரு அவைகளிலும் விவாதிக்கப்பட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 1983-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். அதை ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பதே நவம்பர் 29-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமான மசோதாவின் முதல் வடிவம். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அப்போதைய பஞ்சாப் முதல்வர் அமரீந்தர் சிங், மூன்று என்ற வரம்பே நீடிக்க வேண்டும் என மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். எல்லைப்புற மாவட்டங்கள், தனித்த பண்ணை வீடுகள், பரம்பரை ஆயுதங்கள் என்று பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. இறுதியில் அரசே கொண்டுவந்த திருத்தத்தின் மூலம் வரம்பு இரண்டு ஆனது. டிசம்பர் 9-ஆம் தேதி மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின.

உரிமத்தின் செல்லுபடிக்காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்ந்ததும், திருமணம் போன்ற கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி சுடுவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என வகை செய்யப்பட்டதும் அப்போதுதான். பிந்தையது வரவேற்கத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால், இரு நாள் விவாதமும் எத்தனை துப்பாக்கி, யாருக்குத் துப்பாக்கி என்ற இரு கேள்விகளையே பெரிதும் சுற்றி வந்தது. வைத்திருப்பவர் அதை எந்த நிலையில் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வருகிறார் என்பது அவைக்குரிய விஷயமாகவே எவருக்கும் தோன்றவில்லை போலும்.

அது சிறிய விஷயமும் அல்ல. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கின்படி 2016-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டில் 33.69 லட்சம் ஆயுத உரிமங்கள் நடப்பில் இருந்தன. அவற்றில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் 12.77 லட்சம். பஞ்சாபில் ஏறத்தாழ 3.59 லட்சம். தமிழகத்தில் சுமார் 22,500. தமிழ்நாட்டு வாசகருக்கு இடுப்பில் துப்பாக்கியுடன் தேநீர்க் கடைக்கு வரும் மனிதர் திரைப்படக் காட்சியாகத் தோன்றலாம். வடமாநிலத் தேர்தல்களில் செய்தி சேகரிக்கச் செல்லும் எவருக்கும் அது அன்றாடக் காட்சி. குர்தாவும் நாடா வைத்த பைஜாமாவும் அணிந்தவர், உறை ஏதுமின்றிப் பைஜாமாவின் நாடாவை நம்பியே முக்கால் கிலோ எடையுள்ள ஆயுதத்தைச் செருகியிருப்பதையும், நாற்காலியில் அமரும்போது அதை எடுத்து எதிரே இருப்பவரை நோக்கி மேஜைமீது வைப்பதையும் இந்நிருபர் பலமுறை கண்டதுண்டு. அந்த நேரங்களில் தேநீர் ருசிப்பதில்லை.

ஒரே வேலை செய்யும் விசை

பொறியமைப்பைச் சற்று விளக்கினால்தான் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது புரியும். கைத்துப்பாக்கியின் விசையை இழுக்கும்போது இரு வேலைகள் நடைபெறலாம். ஒன்று, பின்னால் உள்ள சுத்தியலைப் பின்னுக்கு நிமிர்த்துவது. மற்றது, நிமிர்ந்த சுத்தியலை விடுவிப்பது. விடுபட்ட சுத்தியல் ஊசியை அடிக்கிறது, ஊசி தோட்டாவின் அடியைக் குத்துகிறது, குண்டு பாய்கிறது. இரு வேலைகளையும் விசையே செய்தால் அது ‘டபுள் ஆக்‌ஷன்’. விடுவிக்கும் வேலையை மட்டும் செய்தால் ‘சிங்கிள் ஆக்‌ஷன்’. பிந்தைய வகையில் சுத்தியலைக் கட்டைவிரலாலோ, துப்பாக்கியின் மேற்புறத்தில் நகரும் ‘ஸ்லைடு’ பகுதியைப் பின்னுக்கு இழுத்தோதான் நிமிர்த்த வேண்டும்.

நிமிர்த்திய பின் விசையை இழுக்கச் சிறிய அழுத்தமே போதும். விசை நகரும் தூரமும் மிகக் குறைவு. குறி தவறாமல் சுடுவதற்கு இது பெரும் வசதி. விரல் தவறினால் அதுவே பெரும் கேடு.

நமது ராணுவத்திலும் காவல் படைகளிலும் பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் 9 எம்.எம். ‘1ஏ’ கைத்துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. மேற்கு வங்க மாநிலம் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாராகும் இதன் மூலம், பெல்ஜியத்தின் ‘ஹை-பவர்’ எனும் கைத்துப்பாக்கி. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் அதற்கான பணியைத் தொடங்கி 1926-இல் பெல்ஜியத்திலேயே காலமானார். அந்நாட்டின் பொறியாளர் டியூடோனே சேவ் அதை முடித்தார். 1935-இல் பெல்ஜிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் டொராண்டோ நகரில் இங்கிலிஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. பின்னாளில் சலவை இயந்திரங்களுக்குப் பெயர் பெற்ற அதே நிறுவனம்தான். கனடா வழி வந்த அந்த வடிவமே இச்சாப்பூரிலும் நிலைத்தது. மேகசினில் 13 தோட்டாக்கள் கொள்ளும்.

9 எம்.எம். அளவு நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. எனவே உரிமம் பெற்ற தனிநபர்களிடம் பெரும்பாலும் .32 அளவிலான பிஸ்டல்களும் ரிவால்வர்களுமே உள்ளன. இவற்றில் சுத்தியல் வெளியே தெரியும் வகைகளும், உள்ளே மறைந்திருக்கும் வகைகளும் உண்டு. மறைந்திருந்தால், அது நிமிர்ந்து நிற்கிறதா இல்லையா என்பதைப் பார்வையால் அறிய இயலாது என்பது கூடுதல் சங்கடம்.

மூன்று நிலைகள்

சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டலைத் தோட்டாக்களுடன் எடுத்துச் செல்ல நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, மேகசின் நிரம்பியிருக்கும், ஆனால் தோட்டா அறை காலி, சுத்தியல் தாழ்ந்திருக்கும். இந்நிலையில் துப்பாக்கி கீழே விழுந்தாலும், விசையில் எது மாட்டினாலும் வெடிக்க வழியில்லை. வெடிப்பதற்கு வேண்டிய தோட்டா குழலின் வாயிலில் இல்லவே இல்லை. தேவை நேர்ந்தால் உருவி, ஸ்லைடை ஒருமுறை பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். தோட்டா அறைக்கு ஏறும், சுத்தியலும் நிமிரும். நமது காவல் படைகளில் பொதுவாகக் கற்பிக்கப்படுவது இதுவே. இஸ்ரேல் உருவான தொடக்க ஆண்டுகளில் பல நாடுகளிலிருந்து கிடைத்த பலவகைப் பிஸ்டல்களை ஒரே பயிற்சியில் அடக்க இம்முறை அங்கு கையாளப்பட்டதால், வெளிநாடுகளில் இதற்கு இஸ்ரேல் முறை என்றே பெயர்.

இரண்டாவது, தோட்டா அறையில் தோட்டா. சுத்தியல் நிமிர்ந்த நிலை. காப்புப் பொத்தான் பூட்டிய நிலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அச்சமூட்டும் தோற்றம் இது. எனினும் காப்புப் பொத்தான் பழுதின்றி, விசையை முழுவதுமாக மூடும் கெட்டியான உறையும் இருந்தால், பயின்ற கையில் இது நம்பத்தக்கதே. அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்ற கோல்ட் பிஸ்டலுக்குக் கட்டைவிரல் காப்பு அமைந்ததற்கே குதிரைப்படையின் கோரிக்கைதான் காரணம் என்பார்கள். ஒரு கையில் கடிவாளம் இருக்க, மறு கையால் மட்டும் ஆயுதத்தைப் பூட்ட வேண்டிய தேவை குதிரை வீரனுக்கு இருந்தது. அந்தப் பிஸ்டலில் கைப்பிடியை அழுத்திப் பிடித்தாலன்றிச் சுடாத இன்னொரு காப்பும் உண்டு. ஹை-பவரில் அது இல்லை. அதன் பழைய வடிவங்களில் காப்புப் பொத்தானும் மிகச் சிறியது. வியர்த்த விரலுக்கு எளிதில் அகப்படாது.

மூன்றாவது, தோட்டா அறையில் தோட்டாவை வைத்துக்கொண்டு சுத்தியலைக் கட்டைவிரலால் மெல்லத் தாழ்த்திவிடுவது. சுத்தியல் தாழ்ந்திருப்பதால் இதுவே சாதுவான நிலை என்று பலர் நம்புகிறார்கள். மூன்றிலும் மோசமானது இதுதான். ஏனெனில், சுத்தியலைத் தாழ்த்த வேண்டுமானால் தோட்டா உள்ள துப்பாக்கியின் விசையை இழுத்தே ஆக வேண்டும். அதே வேளையில் பாய வரும் சுத்தியலைக் கட்டைவிரலால் தடுத்துப் பிடிக்க வேண்டும். விரல் வழுக்கினால் குண்டு பாயும். தாழ்த்தி முடித்த பிறகும் பழைய வடிவமைப்புகளில் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. துப்பாக்கி உயரத்திலிருந்து குழல்முனை கீழாக விழுந்தால், ஊசி தன் வேகத்திலேயே முன்னேறித் தோட்டாவைக் குத்தக்கூடும். இதைத் தடுக்கும் ஊசித் தடை பிற்காலத்தில்தான் வந்தது. கோல்ட் நிறுவனம் அதை 1980-களில் சேர்த்தது. ஹை-பவரின் பிற்கால பெல்ஜியத் தயாரிப்பிலும் அது இடம்பெற்றது. சுத்தியலைப் பாதி நிமிர்த்திய நிலையில் விட்டுவைப்பதும் காப்பு ஆகாது. அந்தப் பாதிப் பல், கைதவறி விடுபடும் சுத்தியலைத் தாங்குவதற்காக அமைந்ததே தவிர, நாள் முழுவதும் சுமந்து திரிவதற்காக அன்று.

ரிவால்வர்களில் இந்தப் பாடம் இன்னும் பழையது. 1873-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவத்துக்கு வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஆறு அறைகள் உண்டு. விவரம் அறிந்தவர்கள் ஐந்தில் மட்டுமே தோட்டா இடுவார்கள். சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்கும். அதை மறந்தவர்களில் ஒருவர், பின்னாளில் திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற வயட் எர்ப் என்னும் காவலர். 1876 ஜனவரியில் கான்சாஸ் மாநிலம் விசிட்டா நகரில் அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவரது கோட்டைத் துளைத்துச் சென்றதாக அவ்வூர்ப் பத்திரிகை செய்தி வெளியிட்டது. சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே தடுப்பு வைத்த புதிய வடிவத்தை அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் கொண்டுவந்தது 1973-இல். நம் நாட்டில் தாத்தா வைத்துவிட்டுப் போன ரிவால்வர் பேரனின் பீரோவில் இருக்கும் வீடுகள் ஏராளம். அவற்றில் எது எந்தக் காலத்து வடிவமைப்பு, எதில் தடுப்பு உண்டு, எதில் தேய்ந்துபோயிருக்கிறது என்பதைத் துப்பாக்கி பழுதுநீக்கும் வல்லுநர் ஒருவரிடம் காட்டாமல் அறிய முடியாது. சந்தேகம் இருக்கும்வரை சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக வைப்பதே விவேகம்.

வேகமா, விபத்தா?

தோட்டா அறையைக் காலியாக வைத்தால் ஆபத்து நேரத்தில் ஒரு விநாடியை இழக்கிறோம், ஸ்லைடை இழுக்க இரு கைகளும் வேண்டும், ஒரு கை காயப்பட்டிருந்தால் என்ன செய்வது என்பது எதிர்வாதம். தள்ளிவிடத்தக்க வாதம் அன்று. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றிய ஜெஃப் கூப்பர், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கே புது இலக்கணம் வகுத்தவர். அவர் இரண்டாவது நிலையையே ஆதரித்தார். ஆனால், அதனுடன் இடைவிடாத பயிற்சியையும் சேர்த்தே வலியுறுத்தினார் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் 1940-களின் கையேடுகூட, உடனடித் தேவை எதிர்பார்க்கப்படாத வேளையில் தோட்டா அறை காலியாகவும், தேவை நெருங்கும்போது மட்டும் தோட்டா ஏற்றிப் பூட்டிய நிலையிலும் வைத்துக்கொள்ளும்படியே கூறியது. போர்க்களத்துக்கே அந்த அளவுகோல் போதும் என்றால், கான்பூரிலோ மொகாலியிலோ மைத்துனர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்பவருக்கு அதைவிட அவசரமான நிலை ஏன் தேவைப்படுகிறது?

நமது உரிமதாரர்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சுடும் திடலுக்குச் சென்று பழகுவோர் எத்தனை பேர் என்பதை அவரவர் மனச்சாட்சியே அறியும். பெரும்பாலோருக்குத் தோட்டா விலை ஒரு தடை. திடல் தொலைவு மற்றொரு தடை. பழக்கமில்லாத கைக்குக் காலியான தோட்டா அறையே உற்ற காப்பு என்பது இந்நிருபரின் துணிபு.

உறையைப் பற்றியும் ஒரு சொல். உறை விசையை முழுவதும் மூட வேண்டும். துப்பாக்கியைத் தன் வாயில் இறுகப் பற்றியிருக்க வேண்டும். உருவும்போது நேரும் விபத்துகள் ஒருபுறம் இருக்க, மீண்டும் உறையில் செருகும்போது நேரும் விபத்துகளும் உண்டு. சட்டை நுனி, பைஜாமா நாடா, ஜாக்கெட்டின் இழுவைக் கயிறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று விசை வளையத்துக்குள் புகுந்துவிட்டால், செருகும் அழுத்தமே விசையை இழுத்துவிடும். பார்த்து, நிதானமாக, ஆள்காட்டி விரலை வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு செருக வேண்டும் என்பது முதல்நாள் பாடம்.

காலி என்று நினைத்த துப்பாக்கி

வெளியே எடுத்துச் செல்வதைவிட வீட்டுக்குத் திரும்பி வந்து தோட்டாவை எடுக்கும் நேரமே பெரும்பாலும் கண்டம். வரிசை மாறுவதுதான் காரணம். முதலில் மேகசினை உருவ வேண்டும். அதன் பிறகே ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அறையில் உள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பின்பு கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவியும் அறை காலி என உறுதி செய்ய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர் முதலில் ஸ்லைடை இழுக்கிறார், ஒரு தோட்டா வெளியே விழுகிறது, மனம் நிறைகிறது. மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்கு ஏறிவிட்டதை அவர் கவனிப்பதில்லை. பிறகு மேகசினை உருவி மேஜையில் வைக்கிறார், துடைக்கத் தொடங்குகிறார், பழக்க தோஷத்தில் விசையை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். ‘சுத்தம் செய்தபோது வெடித்தது’ என்று மறுநாள் நாளேடுகளில் ஒற்றைப் பத்தியாக வரும் செய்திகள் பலவற்றின் பின்னணி இத்தகையதாகவே இருக்கும்.

ஹை-பவர் வடிவமைப்பில் மேகசினை எடுத்துவிட்டால் விசை வேலை செய்யாதபடி ஒரு தடுப்பு உண்டு. அந்தத் துப்பாக்கியோடு பழகிய ஒருவர், இத்தடுப்பு இல்லாத வேறொரு பிஸ்டலைக் கையில் எடுத்தால் அந்தப் பழக்கமே எமனாகிவிடும். இதேபோல், தேசியப் பாதுகாப்புப் படை உள்ளிட்டவை பயன்படுத்தும் க்ளாக் பிஸ்டலில் நிமிர்த்த வேண்டிய வெளிச்சுத்தியலும் இல்லை, கட்டைவிரல் காப்புப் பொத்தானும் இல்லை. ஒரு வகைக்குரிய கைப்பழக்கத்தை மற்றொரு வகைக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்பதால்தான், ஆயுதம் மாறும்போது படைகளில் மறுபயிற்சி அளிக்கிறார்கள். மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்றை ஆயுதக் கிடங்கு வாயிலில் வைத்து, அதை நோக்கிக் குழலை நீட்டியபடியே தோட்டாவை அகற்றும் வழக்கமும் அங்கு உண்டு. தவறு நேர்ந்தாலும் குண்டு மணலில் புதையும். தனிநபர் வீட்டில் அத்தகைய மணல் ஏது? அடுத்த அறையில் குழந்தைகள்தாம் இருப்பார்கள்.

விதி எண் 32

சட்டம் இதில் முற்றிலும் மௌனம் என்று சொல்லிவிட முடியாது. 2016 ஜூலையில் வெளியான ஆயுத விதிகள், முந்தைய 1962-ஆம் ஆண்டு விதிகளைவிடப் பல படி முன்னேறியவை. உரிமம் கோருவோர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன அவை. பாதுகாப்பாகக் கையாளுதல், எடுத்துச் செல்லுதல், சேமித்து வைத்தல் ஆகியவை பாடத்தில் அடங்கும். வீட்டில் ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும்.

பொது இடத்தில் எடுத்துச் செல்வது பற்றி 32-ஆவது விதி பேசுகிறது. கைத்துப்பாக்கி அதற்கென அமைந்த உறையிலோ, அதுபோன்ற பையிலோ இருக்க வேண்டும். முழுவதும் மறைந்திருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பொது இடத்தில் அதை எடுத்து வீசிக் காட்டுவதும் சுடுவதும் கூடாது. மீறினால் உரிமமே பறிபோகலாம். பைஜாமா நாடாவில் துப்பாக்கி செருகும் பிரமுகர்கள் இந்த ஒரு விதியின்படியே உரிமத்தை இழக்கக்கூடியவர்கள் என்பதை எத்தனை மாவட்ட ஆட்சியர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

உறை உண்டு, மறைப்பு உண்டு, கட்டுப்பாடு உண்டு. தோட்டா அறை பற்றி மட்டும் விதியில் சொல் இல்லை. விமானப் பயணத்தில் ஆயுதம் தோட்டா நீக்கிய நிலையில், முன்கூட்டியே அறிவித்து, சரக்குப் பகுதியில்தான் செல்ல வேண்டும். நாடாளுமன்ற வளாகத்துக்குள் உறுப்பினர்களேயானாலும் ஆயுதம் கொண்டுவரத் தடை உள்ளது. அவர்களது மெய்க்காவலர்கள் வெளியே காத்திருக்கிறார்கள். ஆக, அபாயத்தை அரசு அறியாமல் இல்லை. விமானத்திலும் நாடாளுமன்றத்திலும் அறிந்த அபாயம் திருமணப் பந்தலிலும் நெரிசல் மிக்க பேருந்து நிலையத்திலும் மறந்துபோகிறது.

2020 மார்ச்சில், உத்தரகண்ட் மாநிலத் திருமண விழாத் துப்பாக்கிச்சூடு வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய நிகழ்வுகள் பெருகுவது குறித்தும், ஆயுதம் அந்தஸ்தின் அடையாளமாகக் கருதப்படுவது குறித்தும் வருத்தம் தெரிவித்தது. கூரையை நோக்கிச் சுட்டதாகச் சொல்லப்பட்ட குண்டுகள் விருந்தினர் இருவரைப் பலிகொண்ட வழக்கு அது. கூட்டம் நிறைந்த இடத்துக்குள் தோட்டா ஏற்றிய துப்பாக்கியுடன் வருபவர் தம்மையும் தம் விரலையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அவ்வழக்கு ஓர் அளவுகோல்.

தேர்தல் அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம் உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி மாவட்ட நிர்வாகங்கள் கேட்டுக்கொள்கின்றன. ஆண்டு முழுவதும் எண்ணெய் காணாமல் பீரோவில் கிடந்த துப்பாக்கிகள் அந்த நாள்களில் ஸ்கூட்டரிலும் பேருந்திலும் பயணித்துக் காவல் நிலைய மேஜைகளுக்கு வந்து சேர்கின்றன. அவை காலியாக இருக்கின்றனவா என்று குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சோதித்துப் பார்த்து வாங்கும் தலைமைக் காவலருக்கு அப்படிச் செய்யும்படி கற்றுத்தந்தது அவரது அனுபவம்தான்.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் தேவையில்லை. 32-ஆவது விதியில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத வேளையில் கைத்துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும் என்றும், ரிவால்வராயின் சுத்தியலுக்கு நேரேயுள்ள அறை காலியாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தால் போதும். ஆயுதச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி விதிகளை வகுப்பதும் திருத்துவதும் மத்திய அரசின் அதிகாரம். அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டால் நடைமுறைக்கு வந்துவிடும். அந்த அறிவிக்கை இரு அவைகளின் முன்பும் மொத்தம் 30 நாள் வைக்கப்பட வேண்டும். அக்காலத்தில் உறுப்பினர் எவரும் திருத்தம் கோரித் தீர்மானம் கொண்டுவரலாம். மேஜைமீது வைக்கப்படும் நூற்றுக்கணக்கான காகிதங்களுள் ஒன்றாக அதுவும் ஒரு பகல் பன்னிரண்டு மணிக்குச் சில விநாடிகளில் கடந்து போகும்.